பெரியப்பாவுக்குப் பழவேற்காடு காட்டணும்: வழி, வெயில், வண்டி பற்றி யோசனை சொல்லுங்க

தேரடி வாசல் · சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து பெரியப்பா வருகிறார். வயது 74. கூடவே பெரியம்மா, அவர்கள் மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். தை மாதம் 12 நாள் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில்தான் தங்கல். நானும் வழக்கம்போல மெரினா, மாமல்லபுரம், முட்டுக்காடு என்று எழுதி வைத்துக்கொண்டு போனில் படித்துக் காட்டினேன். மனுஷன் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "அதெல்லாம் போன தடவையே பார்த்தாச்சும்மா. அம்பது வருஷமா இடுப்புல கட்டியிருக்கேனே பெலிக்காட், அது எந்த ஊர்லருந்து வந்துச்சோ அந்த ஊரைக் காட்டு" என்றார்.

அங்கே கட்டம்போட்ட கைலிக்குக் 'கைன் பெலிக்காட்' என்று பேராம். பெலிக்காட் என்றால் நம் பழவேற்காடாம். எனக்கு இது புதுச் செய்தி. பழவேற்காடு என்றால் எனக்கு இறாலும் நண்டும்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை காலேஜ் தோழிகளோடு போய், வெயிலில் கருகி, மத்தியானமே திரும்பிவிட்டோம்.

பெரியப்பாவுக்கு முழங்கால் தேய்மானம், ரொம்ப நேரம் நிற்க முடியாது. பிள்ளைகளுக்குக் கடலில் கால் வைத்தே ஆக வேண்டும். பெரியம்மா வெளியிடத்தில் பாத்ரூம் சரியில்லை என்றால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து படுத்துவிடுவார். இவர்களை வைத்துக்கொண்டு ஒரே நாளில் போய் வர முடியுமா? போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீடியோக்காரர்களை நம்பி ஒரு தடவை ஏமாந்தாச்சு.

மீஞ்சூர் பாசஞ்சர் · சனி, இரவு 9.31

கும்மிடிப்பூண்டி லைனில் தினமும் போய் வருகிறவன். ரயிலில் திருவொற்றியூரில் ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். கைவீசிப் போகிறவனுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் ஸ்டேஷன் படிக்கட்டு, பஸ் ஸ்டாண்டு, அப்புறம் ஊருக்குள் ஆட்டோ என்று மூன்று இடத்தில் ஏறி இறங்க வேண்டும். பெரியவருக்கு வேண்டாம். வேன் எடுங்கள்.

வேன் என்றால் மணலி, மணலி புதுநகர், நாபாளையம், மீஞ்சூர், பொன்னேரி. காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகிற கன்டெய்னர் லாரி எல்லாம் இந்தப் பக்கம்தான் வரிசை கட்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் தப்பித்தீர்கள். 8 மணிக்குக் கிளம்பினால் லாரியின் பின்பக்கத்தைத்தான் சுற்றிப் பார்ப்பீர்கள்.

ஈசிஆர் புல்லட் · சனி, இரவு 9.48

மேடம், தப்பா நினைக்காதீங்க. பழவேற்காட்டில் பார்க்க என்ன இருக்கு? முள்ளுக்காடு, ஒரு கல்லறை, அவ்வளவுதான். டச்சுக்காரன் கோட்டைதான் வேணும்னா சதுரங்கப்பட்டினம் போங்க, கல்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே. மதில் நிற்குது, உள்ளேயே கல்லறை இருக்கு, தொல்லியல் துறை சுத்தமா வச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் தெற்கே கடப்பாக்கம் போனால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரன் கைக்கு வந்து, 1760இல் வெள்ளைக்காரன் இடிச்சுப் போட்டது. கழிமுகத்து ஓரமா அந்தச் செங்கல் சுவரைச் சாயங்கால வெயிலில் பார்க்கணும். ரோடும் அருமை. வழியில் காபிக்குப் பஞ்சமில்லை.

பாய்கடை · சனி, இரவு 9.55

கைலி பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மூன்று தலைமுறையாகக் கைலி வியாபாரம். 'பாளையக்காட்' என்று லேபிள் ஒட்டி வரும். பாதிப் பேர் அதைப் பாலக்காடு என்று நினைத்துக்கொண்டு, "கேரளாச் சரக்கா பாய்?" என்று கேட்பார்கள். பாலக்காடு இல்லை, பழவேற்காடு. டச்சுக்காரர்கள் ஊர்ப் பேரைப் பாலியாகட்டா என்று எழுதினார்கள், அது மலாய்க்காரர் வாயில் பெலிக்காட் ஆனது. இங்கே நெய்த துணியைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோய், அங்கே அதைக் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் வாங்கினார்கள். காசைக் காட்டினால் மசியாத தீவுக்காரன் நம் துணியைக் காட்டினால் மசிந்தான். பெரியப்பா சொன்னது சரி.

ஈசிஆர் புல்லட் · சனி, இரவு 10.01

பாலக்காடுன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன் பாய் 😅

கல்மண்டபம் · சனி, இரவு 10.37

தங்கச்சி, துறைமுகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். தெற்கே போவது சுலபம் என்று புல்லட் தம்பி சொல்வது நிஜம். ஏன் சுலபம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கடலில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தது, மறுபடியும் கட்டினார்கள். அந்தச் சுவரில் முட்டி மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வரவில்லை, கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இன்றைக்கு நாம் பார்ப்பது மணல் இல்லை, கருங்கல். தெருத்தெருவாகப் போன குப்பங்கள் உண்டு. அப்புறம் கடலுக்குள் நீட்டிக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள், இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்கிறது, பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள். எங்கள் அப்பா ராயபுரத்தில் கடலுக்குப் போக வெகுதூரம் மணலில் நடந்ததாகச் சொல்வார். நான் ரோட்டை விட்டு இறங்கினால் கல்.

ஆகவே பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும் என்றால் நம் பக்கத்தில் கல்லைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டிப் போனால் நல்ல கடல் இருக்கிறது.

இன்னொன்று. பெரியவரை வைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு நேரே ஓடாதீர்கள். முதல் நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பியுங்கள். ஒற்றியூர்க் கோயில் உங்களுக்குத் தெரியாததில்லை, சுந்தரர் சங்கிலியாரைக் கட்டின இடம். அங்கிருந்து ஆட்டோவில் கடற்கரைக்குப் போனால் பட்டினத்தார் சமாதி. ஊர் ஊராகக் கையில் பேய்க்கரும்போடு அலைந்தவருக்கு அது இனித்த ஊர் இதுதான் என்பார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கப்பல் வியாபாரி கடைசியில் வந்து உட்கார்ந்த கரை. கப்பலில் துணி போன கதை கேட்டு வருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் இடம் உண்டா?

ராயபுரத்தில் பழைய ரயில் நிலையத்தையும் காட்டுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தத் தூண்களை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், முழங்கால் வலிக்காது.

ஏரிக்கரை · ஞாயிறு, காலை 6.15

பழவேற்காட்டுக்காரன். வேலைக்காகக் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன், மாதம் இரண்டு தடவை ஊருக்குப் போவேன். "ஒரு கல்லறை, அவ்வளவுதான்" என்று எழுதிய தம்பிக்குக் கோபமில்லாமல் பதில் சொல்ல ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன்.

முதலில் உள்ளதை உள்ளபடி. கோட்டை என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். டச்சுக்காரர்கள் கட்டின ஜெல்ட்ரியா கோட்டை இன்றைக்கு ஒரு மேடு. சுற்றி அகழியின் தடம், மேலே சீமைக் கருவேலம், அங்கங்கே செங்கல். பாம்பு இருக்கும், உள்ளே நுழைய வேண்டாம். ஆனால் அந்த மேட்டுக்குப் பின்னால் இருக்கிற கதை சென்னைப் பட்டணத்தையே விட மூத்தது. 1610 வாக்கில் விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து பண்டகசாலையை அடித்து நொறுக்கினார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிக்கொண்டார்கள். அவர்கள் தலைவர் ஒருவரின் சொந்த மாகாணத்துப் பேர்தான் ஜெல்ட்ரியா. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகர். வெள்ளைக்காரனும் முதலில் எங்கள் ஊரில் கடை போடத்தான் பார்த்தான். டச்சுக்காரன் விடவில்லை. அவன் வடக்கே ஆர்மகான் போய், அதுவும் சரிப்படாமல், 1639இல் சென்னைக்கு வந்து நிலம் வாங்கினான். எங்கள் ஊரில் இடம் கிடைத்திருந்தால் நீங்கள் எல்லாரும் இன்று எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்துகொண்டிருப்பீர்கள்.

கல்லறைக்குப் போங்கள். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு நிற்கும். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், டச்சு எழுத்தும் குடும்பச் சின்னமும் நேற்றுச் செதுக்கியது போல இருக்கும். தொல்லியல் துறை பராமரிப்பு. கேட் பூட்டியிருந்தால் பக்கத்தில் யாரையாவது கேளுங்கள், காவலர் வந்து திறந்துவிடுவார்.

பாய் துணியைப் பற்றி இனிப்பாகச் சொன்னார். கசப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள் பெரியப்பாவுக்கு. இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, ஆட்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், படையெடுப்பு வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாதவர்களையும் பிடிபட்டவர்களையும் தரகர்கள் கொண்டுவந்து விற்க, டச்சுக் கப்பல்கள் ஆயிரக்கணக்கில் அவர்களைப் படேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றிப் போயின. படேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. வெடிமருந்தும் இங்கேதான் செய்து அனுப்பினார்கள். அந்த எலும்புக்கூடு வாசலில் நின்றால் எனக்கு உள்ளே படுத்திருக்கிற துரைமார் நினைவு வருவதில்லை, கல்லே இல்லாமல் போனவர்கள் நினைவுதான்.

படகு: யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அன்று கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அதற்குமேல் எழுத முடியவில்லை. சுற்றுலாப் படகுக்கு அப்போதே தடை போட்டாச்சு. ஆனாலும் கூப்பிடுவார்கள். பெரியவர், பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம்.

கடலுக்கு: பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம். வண்டி போகும். அகலமான சுத்த மணல். கணுக்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உள்ளிழுப்பு ஜாஸ்தி. நிழல் சுத்தமாகக் கிடையாது. பெரியம்மாவின் பாத்ரூம் பிரச்சினைக்குப் பொன்னேரியிலேயே தீர்வு தேடிக்கொண்டு வாருங்கள். என் ஊரை எனக்குப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

ஈசிஆர் புல்லட் · ஞாயிறு, காலை 8.50

அண்ணே, மன்னிச்சுக்கோங்க. நான் போனது ஒரே தடவை, மே மாசம், பைக்கில். அரை மணி நேரத்தில் திரும்பிட்டேன். ஆனா சதுரங்கப்பட்டினம் பற்றிச் சொன்னது வாபஸ் இல்லை 😄

கூழைக்கடா · ஞாயிறு, காலை 9.20

தை மாதம் என்றால் பறவை பற்றி யாருமே பேசவில்லையே! பழவேற்காடு ஏரி இந்தியாவின் உப்பங்கழிகளில் சிலிக்காவுக்கு அடுத்து இரண்டாவது பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நமக்குத் தெற்கு ஓரம். ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி மூன்றும் இதில்தான் வந்து விழுகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கிற நீளத் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலிருந்து பார்க்கலாம், பிள்ளைகளுக்கு எலும்புக்கூட்டை விட இது பிடிக்கும்.

பூநாரை பார்க்க ஊருக்குள் நின்று பயனில்லை. ஆழமில்லாத தண்ணீர் வேண்டும் அதற்கு, சேற்றைக் கிளறி அலசித் தின்கிற பறவை. அண்ணாமலைச்சேரிப் பக்கம் அதிகாலையில் போனால் தூரத்தில் ரோஜாக் கோடு மாதிரித் தெரியும். இன்னும் நெருக்கமாக வேண்டும் என்றால் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை, இரண்டு பக்கமும் ஏரி. அது தனி நாள் வேலை. ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால் பெரியப்பா வேனிலேயே தூங்கிவிடுவார். பைனாகுலர் வேண்டும் என்றால் என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது, விம்கோ நகர் மெட்ரோவில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தேரடி வாசல் · ஞாயிறு, இரவு 7.05

எல்லாருக்கும் கும்பிடு போட்டாச்சு. ஏரிக்கரை அண்ணன் எழுதியதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வேனே எடுக்கிறோம், காலை 6 மணி. கூழைக்கடா, பைனாகுலர் கட்டாயம் வேண்டும்.

ஒரே சிக்கல். தை பிறந்ததும் பிள்ளைகளைக் கல்லறைக்கா கூட்டிப் போவது என்று இங்கே என் மாமியார் கேட்கிறார். பெரியம்மாவும் அதே கட்சியாக இருப்பார் போல.

கல்மண்டபம் · ஞாயிறு, இரவு 7.40

கல்லறைக்கு முன்னால் திருப்பாலைவனம் போங்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற வழியில்தான், பாலீஸ்வரர் கோயில். பழவேற்காட்டு ஊருக்குள் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் இருக்கிறது, செம்புறாங்கல்லில் கட்டினது, நம் பக்கத்தில் அந்தக் கல்லில் கோயில் பார்ப்பது அபூர்வம். இரண்டு சாமியையும் கும்பிட்டுவிட்டுத்தான் கல்லறை என்று சொல்லுங்கள். மாமியாருக்கும் திருப்தி, சரித்திரத்துக்கும் திருப்தி.

ஏரிக்கரை · ஞாயிறு, இரவு 8.02

மகிமை மாதா கோயிலும் உண்டு, போர்த்துகீசியர் காலத்திலிருந்தே இருக்கிற திருத்தலம். சின்னப் பள்ளிவாசலில் நிழல் பார்த்து மணி சொல்லும் சூரியக் கடிகாரம் இருக்கிறது. தொழுகை நேரம் இல்லாதபோது பெரியவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். எங்கள் ஊரில் அரபு எழுத்தில் தமிழ் எழுதி வைத்த குடும்பங்களே உண்டு. நாலைந்து தெருவுக்குள் இத்தனையும். எதுவும் பெரிசாக இருக்காது, பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

உப்புக்காத்து · திங்கள், காலை 11.10

வழியில் எண்ணூர் தாழங்குப்பத்தில் நிறுத்தலாமே? கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய பாலத்தின் மிச்சம் இருக்கிறது, சூரியோதயம் நன்றாக இருக்கும். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான்.

மீஞ்சூர் பாசஞ்சர் · திங்கள், பகல் 12.30

மணலி வழி போகிறவர்களை ஏன் எண்ணூருக்கு இழுக்கிறீர்கள்? போட்டோவில் பின்னால் தெரிகிற புகைபோக்கியை எல்லாரும் வெட்டிவிட்டுத்தான் போடுகிறார்கள். 2017லும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் ஒதுங்கிய கரை அது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மீன் கிடைத்தாலும் வாங்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களைச் சொல்வார்கள்.

உப்புக்காத்து · திங்கள், பகல் 12.48

நானே அந்தக் குப்பம்தான் சார். எண்ணெய் என் வீட்டு வாசல் வரை வந்தது. அதனால்தான் வரச் சொல்கிறேன். யாருமே வரவில்லை என்றால் அப்புறம் இது கடற்கரை என்பதையே மறந்துவிடுவார்கள்.

மீஞ்சூர் பாசஞ்சர் · திங்கள், பகல் 1.15

சரி, அது நியாயம். நான் ரயில் ஜன்னலில் இருந்து பேசிவிட்டேன்.

தேரடி வாசல் · வியாழன் (10 நாள் கழித்து), இரவு 10.20

போய் வந்தோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

6 மணிக்கு வர வேண்டிய வேன் 7.25க்கு வந்தது. டிரைவர் "டிராபிக் மேடம்" என்றார், விடிகாலையில்! மீஞ்சூர் பாசஞ்சர் சொன்னபடியே நாபாளையம் வரை ஒரு நீலக் கன்டெய்னரின் பின்பக்கத்தை முழுசாகப் படித்து முடித்தோம். பெரியப்பா மட்டும் கவலைப்படவில்லை. அந்தக் கன்டெய்னர்மேல் எழுதியிருந்த கம்பெனி பேர் பினாங்குத் துறைமுகத்திலும் பார்ப்பாராம், பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரிச் சிரித்தார். பொன்னேரியில் டிபனும் பெரியம்மாவின் பாத்ரூமும் ஒரே இடத்தில் முடிந்தது.

திருப்பாலைவனத்தில் நல்ல தரிசனம். அப்புறம் பெருமாள் கோயிலில் அந்தச் செம்புறாங்கல்லைப் பெரியம்மா கையால் தடவிப் பார்த்து, "கேக்கு மாதிரி இருக்கு" என்றார். கல்மண்டபம் அண்ணே, உங்கள் தந்திரம் பலித்தது. கல்லறை என்றதும் பெரியம்மா வேனை விட்டு இறங்க மாட்டேன் என்றார்தான். பத்து நிமிஷம் கழித்துத் தானே வாசல் வரை வந்து, எலும்புக்கூட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவன் ஏன் இப்படிச் சலிச்சுப்போய் நிக்கிறான்?" என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட் பூட்டித்தான் இருந்தது, காவலர் சாவியோடு வந்து திறந்துவிட்டார்.

உள்ளே பெரியப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது (எதிர்வீட்டுப் பாட்டி கொடுத்தார், கேட்காமலே). வேப்ப மரத்து நிழலில் உட்கார்ந்தார். அடிமைக் கப்பல் விஷயத்தை நான் அங்கேதான் சொன்னேன், ஏரிக்கரை அண்ணன் எழுதியதைப் போனிலேயே காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தார். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். "எங்க தாத்தா கைநாட்டு வச்சுப் போனாரு. இவங்களுக்கு அதுவும் இல்ல" என்றார். அதற்கப்புறம் கோட்டை மேட்டை வண்டியிலிருந்தே பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் அவ்வளவு நீலம். சின்னவள் கணுக்கால் என்று ஆரம்பித்து முட்டி வரை போய்விட்டாள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அங்கிருந்தே போட்ட சத்தத்தில் ஓடி வந்துவிட்டாள். நிழல் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், நான் இரண்டு குடை கொண்டுபோனேன், காற்றில் ஒன்று உடைந்தது. படகுக்கு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டாமவர் "லைஃப் ஜாக்கெட் இருக்கு" என்றார். போகவில்லை.

மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம், புளிசாதமும் தயிர்சாதமும். இறால் மட்டும் கரையில் வாங்கி ஐஸ் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தோம். பூநாரை பார்க்க நேரமில்லை, கூழைக்கடா மன்னிக்க வேண்டும். ஆனால் பாலத்திலிருந்து உங்கள் பேர்கொண்ட பறவைகள் எட்டு எண்ணினோம்.

இப்போது முக்கியமான விஷயம். பெரியப்பா ஊருக்குள் ஒரு கைலி வாங்கியே தீர வேண்டும் என்றார். இரண்டு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் இருந்தது குடியாத்தம் சரக்கு என்றார்கள், இன்னொன்றில் லேபிளே இல்லை. "இங்க நெய்ஞ்சது இல்லியா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "இங்கயா? இங்க யாரு நெய்றாங்க?" என்றார். பெரியப்பா தான் கட்டியிருந்த கைலியைத் தொட்டு, "இது இந்த ஊரு பேரு" என்றார். கடைக்காரருக்குப் புரியவில்லை. பெண்கள் பின்னிய பனை ஓலைப் பெட்டி இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மறுநாள் எம்.சி. ரோட்டுக்கு வந்து பாய் கடையில்தான் நாலு கைலி எடுத்தோம். பாய், நீங்கள் காசு குறைத்துக்கொண்டதை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரிக்கரை · வியாழன், இரவு 10.44

நாற்காலி கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே போனில் சொல்கிறேன். சந்தோஷப்படுவார்.

ஈசிஆர் புல்லட் · வியாழன், இரவு 10.51

மேடம், அடுத்த தடவை பெரியப்பா வந்தா சதுரங்கப்பட்டினம் என் பொறுப்பு. நான் இந்த ஞாயிறு பழவேற்காடு போறேன். ஏரிக்கரை அண்ணன் ஊரில் இருப்பாரா?

ஏரிக்கரை · வியாழன், இரவு 10.53

இருப்பேன். வெயில் ஏறுவதற்குள் வா தம்பி.

பாய்கடை · வெள்ளி, காலை 7.30

தேரடி அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அவசரத்தில் பையன் நாலில் இரண்டை மூட்டாமலே மடித்துக் கொடுத்துவிட்டான். மலேசியாக்காரர்கள் மூட்டின கைலிதான் கட்டுவார்கள், அங்கே போய் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டுவார். விமானம் எப்போது? அதற்கு முன்னால் யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள், தையல்காரர் 10 மணிக்கெல்லாம் வந்துவிடுவார், நின்று வாங்கிப் போகலாம். கஞ்சி போக இரண்டு தண்ணீர் அலசிவிட்டுக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடக்கும்போது காகிதம் மாதிரிச் சத்தம் போடும்.